மரத்தை மொட்டையடிக்காதீர்கள், இறக்குவதென்றால் முறையாக இறக்குங்கள்

பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழை பிடித்துவிட்டால் மரம் வெட்டும் ஆட்களுக்குப் போன் ஓயாது. ‘மரம் சாய்ந்திருக்கிறது, வெட்டிவிடலாமா?’ என்பதுதான் முக்கால்வாசிப் பேர் கேட்பது. சாய்வு மட்டுமே காரணமாகாது. கன்றிலிருந்தே வெளிச்சம் தேடிச் சாய்ந்து வளர்ந்த மாமரத்தின் நுனி, பிறகு மேல்நோக்கித் திரும்பியிருக்கும். அது அதுபாட்டுக்கு நிற்கும். நேராக நின்ற மரம் புதிதாகச் சாய்ந்து, எதிர்ப்பக்கத்து மண் வெடித்தோ மேலெழும்பியோ இருந்தால் வேர் பிடி விட்டுவிட்டது. அதற்குத் தவணை கிடையாது.

உச்சியை அண்ணாந்து பார்ப்பதைவிட அடியைப் பாருங்கள். தண்டின் அடியில் பழுப்பு நிறக் காளான், வெள்ளை விளிம்போடு தட்டுத் தட்டாகக் கெட்டியாக முளைத்திருந்தால் பெரும்பாலும் மரத்தின் அடியையும் வேரையும் அழுகவைக்கும் கானோடெர்மா. அதைப் பிடுங்கி எறிந்து பயனில்லை. வெளியே தலைகாட்டும்போது உள்ளே அழுகல் நெடுந்தூரம் போயிருக்கும். இலைப் பசுமையையும் நம்பாதீர்கள். நீர் ஏறுவது தண்டின் வெளிப்பகுதியில் என்பதால், நடுவில் கூடாகிப்போன அங்சானா என்ற சாலையோர நிழல்மரம்கூடத் தழைத்து நிற்கும். மரச்சுத்தியலால் தண்டைச் சுற்றித் தட்டினால் பொந்துள்ள இடம் மத்தளம் போல ஒலிக்கும். 60 செ.மீ. விட்டமுள்ள தண்டில், சுற்றிலும் 10 செ.மீ. அளவுக்காவது நல்ல கட்டை இருக்க வேண்டும்.

‘முழுசா வேண்டாம், மேலே மட்டும் மொட்டையடிச்சிடுங்க’ என்பதுதான் மிக மோசமான முடிவு. வெட்டுவாய் வழியே அழுகல் இறங்கும். கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும் புதுக்கிளைகள் மேல்பட்டையோடு ஒட்டிக்கொண்டிருப்பவை. கனம் ஏறியதும் காற்றில் பிய்ந்து விழும். ஆபத்துக்கு நாமே காசு கொடுத்த கதை.

வெட்டத்தான் வேண்டுமென்றால் முதலில் அளவுநாடா. நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 1976-இன்படி, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டினால் ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். தீவுக்கு பினாங்குத் தீவு மாநகர் மன்றம், பெருநிலத்துக்கு செபராங் பிறை மாநகர் மன்றம். பட்ட மரத்துக்கும் உடனடி ஆபத்துக்கும் விலக்கு உண்டு. ஆனாலும் வெட்டுமுன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலிக்கு வெளியே சாலையோரம் நிற்பது உங்கள் மரமல்ல, தொடாதீர்கள்.

வரிசை வீட்டு வாசலில் மரத்தை முழுதாகச் சாய்க்க இடமே இருக்காது. உச்சியிலிருந்து துண்டு துண்டாகக் கயிற்றில் கட்டி இறக்குவதுதான் வழி. பச்சை மரத்தின் கனத்தைப் பலர் குறைத்தே எடைபோடுகிறார்கள்: 40 செ.மீ. விட்டம், 1 மீட்டர் நீளமுள்ள துண்டு ஏறத்தாழ 110 கிலோ. கையால் பிடித்து இறக்கும் சமாசாரமல்ல.

கிளைக்கு மூன்று வெட்டு. தண்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி, அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கும் சில செ.மீ. வெளியே மேலிருந்து இரண்டாவது. கிளை முறிந்து இறங்கும். அடிவெட்டு இல்லாவிட்டால் கிளை விழும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். மிச்சமிருக்கும் குட்டைத் துண்டை மூன்றாவதாக வெட்டி எடுங்கள். விட்டுவைக்கும் மரமானால், கிளை தண்டோடு சேருமிடத்தில் புடைத்திருக்கும் வளையத்தைத் தொடாமல், அதற்கு வெளியே வெட்டுங்கள். புண் ஆறுவது அந்த வளையத்தால்தான்.

ஏணியில் நின்றுகொண்டு செயின்சா பிடிப்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். மின்கம்பிக்கு 3 மீட்டருக்குள் கிளை இருந்தால் கத்தியைக்கூட எடுக்காமல் மின்சார நிறுவனமான தெனாகாவின் 15454-ஐ அழையுங்கள். மாமரம், ரம்புத்தான் என்றால் கெரெங்கா எறும்புக் கூடுகளை முன்னதாகவே தேடுங்கள். உயரத்தில் எறும்பு கடித்தால் கை ரம்பத்தை விட்டுவிடும்.

தழையைக் கொளுத்தாதீர்கள், திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம். லாரிக் கூலியும் சேர்த்தே விலை பேசுங்கள். அடிக்கட்டையைத் தரைக்குக் கீழே அரைத்துவிடச் சொல்லுங்கள். விட்டுவைத்த கட்டையின் குழியில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். கானோடெர்மா வந்த மரமென்றால் வேரையும் முடிந்தவரை தோண்டி எடுத்துவிட்டு, அடுத்த கன்றை வேறு இடத்தில் நடுங்கள்.