புள்ளிக் கணக்கும் பூட்டிய எழுத்துருவும்

வைகாசி, ஆவணி முகூர்த்தம் நெருங்கினால் காரைக்குடி, தேவகோட்டை டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) கடைகளுக்குப் பழைய ஃபைல்கள் வரத் தொடங்கிவிடும். மூத்த பிள்ளைக்கு அடித்த அழைப்பிதழ், ஐயாவின் சஷ்டியப்தபூர்த்தி மலர், பங்காளிகள் சேர்ந்து போட்ட புள்ளிப் புத்தகம் (மணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாக எண்ணிப் பெயர் பதியும் நகரத்தார் புத்தகம்). “அதான் ஃபைல் இருக்குல்ல தம்பி, பேரை மட்டும் மாத்திக் குடுங்க” என்று ஆச்சி பென் டிரைவை நீட்டுவார்கள். திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. அதை அடித்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை, அவ்வளவுதான்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் உள்ளே சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு மட்டுமே. இன்னொரு நிறுவனத்தின் எழுத்துருவில் ‘த’ வேறெங்கோ இருக்கும். ஆளுக்கொரு அட்டவணை வைத்திருந்த காலம் அது. 1999 சென்னை தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகள் வந்தன. 2010-ல் தமிழக அரசு, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடையும் தமிழுக்கென்றே உருவான டேஸ்16 குறியீட்டையும் தரமாக அறிவித்தது. கடைகள் அதோடு மாறிவிடவில்லை. காரணம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள். 2001-ல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுபோன அந்த மென்பொருளுக்கு யூனிகோட் தெரியாது. கை பழகிய வேலையை யாரும் எளிதில் விடுவதில்லை.

பழைய ஃபைலை யூனிகோடுக்குக் கொண்டுவர முடியும். வரிசை தவறக் கூடாது. பேஜ்மேக்கரிலிருந்து வெறும் டெக்ஸ்டாக எடுத்தால் எது எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தகவல் போய்விடும். பிறகு மாற்றியில் (பழைய குறியீட்டை யூனிகோடாக்கும் மென்பொருள்) போட்டால் ஆங்கிலத்தில் இருந்த படிப்பு, மின்னஞ்சல் முகவரி எல்லாம் தமிழ்க் குப்பையாக வரும். வடிவத் தகவலையும் சேர்த்துச் சேமிக்கும் ஆர்டிஎஃப் ஆக எடுத்தால் எழுத்துருப் பெயர் கூடவே வரும். தமிழ்ப் பகுதியை மட்டும் பிரித்து மாற்றலாம். அந்த ஆர்டிஎஃபை வேர்டில் திறந்து கை வைப்பதற்கு முன் ஆட்டோகரெக்டை அணைத்துவிட வேண்டும். பாமினியில் சிறிய கே ‘ம’, பெரிய கே ‘மு’. சிறிய எஃப் ‘க’, பெரிய எஃப் ‘கு’. முதலெழுத்தை வேர்டு தானாகப் பெரிதாக்கினால் ‘கண்ணப்பன்’ ‘குண்ணப்பன்’ ஆகிவிடுவார். அழைப்பிதழில் இது சாதாரணப் பிழை அல்ல.

மாற்றிய பிறகும் கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று தங்கும். பழைய எழுத்துருக்களில் ‘சௌ’ என்பது கொம்பு, ச, ள என்று மூன்று துண்டாக இருக்கும். மாற்றி அதை ‘செள’ என்று படித்துவிடும். தாளில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் புள்ளிப் புத்தகத்தில் ‘சௌந்தரம்’ என்று தேடினால் ஆள் இல்லை என்று வரும். அகரவரிசையில் அந்தப் பெயர் இடம் மாறி நிற்கும். மொத்தமாகத் தேடி மாற்றவும் முடியாது, ‘வெள்ளையன்’ கெட்டுவிடும். நடைமுறையில் உதவும் விதி இது: கொம்பு போட்ட எழுத்தை அடுத்து வரும் ‘ள’வுக்குப் புள்ளியோ துணையெழுத்தோ இருந்தால் அது உண்மையான ளகரம், எதுவும் இல்லாவிட்டால் அநேகமாக ஔகாரம். ‘வெளக்கு’ போன்ற பேச்சுவழக்கு விதிவிலக்கு. ஆகவே ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தே மாற்ற வேண்டும். இந்த மாற்று வேலைக்கு ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது. எம்ஐடி என்ற திறந்த மூல உரிமம், அட்டவணையைத் திறந்து பார்க்கலாம், பிழையை நாமே திருத்தலாம். இலவசம் என்பதும் திறந்த மூலம் என்பதும் ஒன்றல்ல. காசு கேட்காத மாற்றி தப்பாக மாற்றினால், உள்ளே பார்க்க வழியில்லாதவரை பொறுத்துப்போகத்தான் வேண்டும்.

சட்டத்துக்கு வருவோம். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துவது 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 63பி பிரிவில் குற்றம்: 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். தொழிலுக்காகப் பயன்படுத்தாதவருக்கு நீதிமன்றம் சிறையைத் தவிர்க்க இடமுண்டு. கடைக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு நமக்கும் சிலது தந்திருக்கிறது. முறையாக வாங்கிய மென்பொருளுக்குக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். அதோடு வேறொரு மென்பொருள் ஒத்துப்போகத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது, அதை ஆராய்ந்து எடுக்கலாம். பில் இல்லாமல் நகலெடுத்த எழுத்துருவை வைத்துக்கொண்டு இந்த உரிமையைக் கேட்க முடியாது என்பதை மறந்துவிடக் கூடாது.

தனியுரிம எழுத்துருவில் அடித்தாலும் எழுதிய வாசகம் குடும்பத்தினுடையதே. இசைகுடிமானத்தில் (நகரத்தார் திருமண ஒப்பந்தச் சீட்டு) இருக்கும் ஊர், கோவில், பிரிவு, பெயர் எதுவும் எழுத்துரு விற்றவருக்குச் சொந்தமாகாது. ஆனால் எழுத்துரு ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக் கொடுக்கப் பெரும்பாலான உரிமங்கள் விடுவதில்லை. வாசகம் நம்முடையது, அதைப் படிக்கும் சாவி இன்னொருவருடையது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. திறந்த எழுத்துரு உரிமமான எஸ்ஐஎல் ஓஎஃப்எல்-இல் வரும் நோட்டோ, முக்தா மலர், கேட்டமரன் போன்றவற்றை உரிம வாசகத்தோடு சேர்த்துத் தாராளமாகக் கொடுக்கலாம். எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது. உருவை மாற்றினால், உருவாக்கியவர் தனக்கென ஒதுக்கி வைத்த பழைய பெயரில் வெளியிடக் கூடாது. அதைக்கொண்டு அடித்த அழைப்பிதழுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை.

பக்க வடிவமைப்பும் கோட்டோவியமும் வேறு கணக்கு. பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, வடிவமைத்தவரிடமிருந்து வாங்கும் உரிமை மாற்றம் கையெழுத்திட்ட எழுத்தில் இருக்க வேண்டும். அதில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பங்காளிகள் மறுபடி அச்சிடுவது வழக்கமான நம் ஊரில் அந்த இரண்டு வரியையும் பில்லிலேயே எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுவது நல்லது.

திறந்த மென்பொருளில் எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸின் 1.4 வரிசையில் கொம்பு இடம் மாறி விழும், 1.6-இல் தமிழ் ஒழுங்காக வருகிறது, நான்கு வண்ண பிடிஎஃப்பும் எடுக்கலாம். இங்க்ஸ்கேப்பில் படம் வரையலாம், ஆனால் வண்ணப் பிரிப்புக்கு ஸ்கிரைபஸ்தான் வேண்டும். லிப்ரேஆபிஸில் தமிழுக்கான எழுத்துருவையும் அளவையும் தனியாக அமைக்க வேண்டும்; அதைக் கவனிக்காமல் ‘சைஸ் மாறவே மாட்டேங்குது’ என்று கைவிட்டவர்கள் பலர். தனியுரிம இன்டிசைனிலும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இதே கொம்புத் தொல்லைதான்.

ஆப்செட்டுக்கு அனுப்பும்போது எழுத்துகளைக் கர்வ்ஸ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்குவது எல்லாக் கடையிலும் உள்ள பழக்கம். எழுத்துரு விடுபட்டு அச்சு கெடாமல் இருக்க அது நல்லதுதான். ஆனால் அதன் பிறகு எழுத்து வெறும் படம். திருத்த முடியாது, தேட முடியாது. வாடிக்கையாளரிடம் கடைசியாகப் போவதும் பெரும்பாலும் அந்தக் கர்வ்ஸ் ஃபைல்தான். அதனால் வேலை முடிந்ததும் ஃபோல்டரில் நான்கு இருக்க வேண்டும்: யூனிகோட் வெறும் டெக்ஸ்ட், திருத்தக்கூடிய பக்க ஃபைல், அச்சு பிடிஎஃப், உரிம வாசகத்தோடு எழுத்துரு. கேட்டு வாங்குங்கள் ஆச்சி. நான்கும் இல்லாமல் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.