முழங்காலுக்குப் பின்பக்கம்

மெலனோமா என்றாலே வெயிலில் படுத்துக் கிடக்கும் வெள்ளைக்காரர்களுக்கு வரும் தோல் புற்றுநோய் என்ற எண்ணம் நம் ஊரில் படித்தவர்களுக்கும் உண்டு. நான் வேலை பார்க்கும் நியூக்ளியர் மெடிசின் (கதிரியக்க மருந்தைச் செலுத்திப் படம் எடுக்கும்) பிரிவுக்கு வருகிற மெலனோமா நோயாளிகளில் முக்கால்வாசிப் பேருக்கு அது வெயிலே படாத உள்ளங்காலில்தான் இருக்கிறது. கால் ஆணி என்று நினைத்து மாதக்கணக்கில் கார்ன் பிளாஸ்திரி ஒட்டியிருப்பார்கள். பிளேடால் சீவியிருப்பார்கள். எருக்கம்பால் வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. கறுப்பாக இருக்கிறதே என்று கேட்டால், "முள்ளு குத்தி ரத்தம் கட்டினதும்மா" என்பார்கள்.

பயாப்சியில் மெலனோமா என்று உறுதியாகி, அதன் ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து, கையால் தடவிப் பார்க்கும்போது எங்கும் கட்டி தட்டுப்படவில்லை என்றால் எங்களிடம் அனுப்புவார்கள். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படி வீங்குவது நிணநீர்க் கணுதான். காலின் அந்த இடத்திலிருந்து கிளம்பும் நிணநீர் எந்தக் கணுவுக்கு நேராகப் போய்ச் சேருகிறதோ, அதுதான் சென்டினல் நோடு. புற்றுநோய் செல்கள் கிளம்பியிருந்தால் பெரும்பாலும் முதலில் அங்கேதான் சிக்கும். அது சுத்தமாக இருந்தால் அதைத் தாண்டி இருப்பவையும் அநேகமாகச் சுத்தம். அப்புறம் இடுக்கில் இருக்கும் எல்லாக் கணுக்களையும் வழித்தெடுத்துவிட்டு, நோயாளி மிச்ச வாழ்நாளை வீங்கிய காலோடு கழிக்க வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவின் டொனால்ட் மார்ட்டன் குழு நீலச் சாயத்தைக் கொண்டு மெலனோமாவில் இதைச் செய்து 1992இல் வெளியிட்டது. கதிரியக்க மருந்தும் அதைக் கண்டுபிடிக்கும் காமா ப்ரோபும் பிறகு சேர்ந்துகொண்டன. எங்கள் பங்கு அந்தக் கதிரியக்க மருந்தில் தொடங்குகிறது.

காலையில் ஹாட் லேபில், அதாவது கதிரியக்க மருந்து தயாரிக்கும் அறையில், மாலிப்டினம் ஜெனரேட்டர் என்ற கலத்திலிருந்து டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை எடுப்போம். கறப்பது என்றுதான் சொல்வோம். கறந்ததை சல்ஃபர் கொலாய்டு கிட்டில் கலந்து, கொதிநீரில் வைத்து, ஆறவைத்து, 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்ட வேண்டும். துகள் பெரிதாக இருந்தால் ஊசி போட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிடும். ரொம்பச் சின்னதாக இருந்தால் முதல் கணுவில் நிற்காமல் அடுத்ததற்கு ஓடிவிடும். டெக்னீஷியம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பதால் நோயாளி டீ குடிக்கப் போய்விட்டால் நாங்கள் வராந்தாவில் நின்று கூப்பிட வேண்டியிருக்கும்.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டியவர், வயலில் செருப்பில்லாமல் நடந்தே பழகியவர். குதிகாலின் ஓரத்தில் கட்டி. பயாப்சி எடுத்த தழும்பைச் சுற்றி நான்கு இடத்தில், தோலுக்குள்ளேயே 0.1 மில்லி வீதம் ஊசி போட வேண்டும். உடம்பிலேயே இந்த ஊசி மிக அதிகமாக வலிப்பது உள்ளங்காலில்தான் என்பது என் எண்ணம். தோல் அவ்வளவு தடிப்பு; மருந்து உள்ளே போக மறுக்கும்.

"ஐயா, நாலு ஊசி. தேள் கொட்டின மாதிரி கடுக்கும். காலை இழுத்துடாதீங்க."

"தேளெல்லாம் கொட்டியிருக்கு தாயி, போடச் சொல்லு."

டாக்டர் மூன்றாவது ஊசியைப் போடும்போது பெரியவர் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தேளே தேவல" என்றார்.

ஊசியை எடுத்ததும் பஞ்சை வைத்து அழுத்தி, கையுறையை மாற்றி, காலுக்குக் கீழே இருக்கும் ஷீட்டையும் மாற்றிவிடுவோம். ஒரு சொட்டு தெறித்து முழங்காலில் பட்டிருந்தாலும், கதிரியக்கத்தைப் படம் பிடிக்கும் எங்கள் கேமராவில் அது அசல் கணு போலவே மின்னும்.

கணினித் திரையில் கடைசியாகத் தெரியும் புள்ளிதான் எல்லோருக்கும் வேண்டும். அறுவை மருத்துவர் கேட்பது, "இடுக்குல எத்தனை, எங்க மார்க் பண்ணியிருக்கு?" என்பதைத்தான். ஆனால் எது சென்டினல் என்று சொல்வது அந்தப் புள்ளியல்ல, அந்தப் புள்ளிக்கு வந்து சேர்ந்த கோடு. நன்றாக மின்னுவதாலேயே ஒரு கணு சென்டினல் ஆகிவிடாது. கட்டிக்கு அருகில் இருப்பதாலும் ஆகிவிடாது. ஊசி போட்ட இடத்திலிருந்து வேறெங்கும் நிற்காமல் ஒரு நிணநீர்க் குழாய் நேராக அதற்கு வர வேண்டும். அதைப் பார்க்க ஊசி போட்ட நிமிடத்திலிருந்தே கேமரா ஓட வேண்டும். காலில் நிணநீர் வேகமாக ஓடும், தலையிலும் கழுத்திலும் ரொம்ப மெதுவாக ஓடும். காலில் ஊசி போட்டுவிட்டு, வெளியே அரை மணி நேரம் உட்காருங்கள் என்று அனுப்பினால், சினிமா ஓடி முடிந்த பிறகு தியேட்டருக்குள் நுழைவதுதான்.

இன்னொரு சிக்கல், கேமராவின் பரப்பில் ஒரே நேரத்தில் குதிகாலிலிருந்து இடுக்கு வரை அடங்காது. வேலை நெருக்கடியான நாளில், எப்படியும் இடுக்குக்குத்தானே போகப் போகிறது என்று நேராக அங்கே வைத்துவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. நான் கணுக்காலில் தொடங்கி முழங்கால் வழியாக மேலே போவேன். கூடுதலாகக் கால் மணி நேரம் ஆகும். வெளியே எலும்பு ஸ்கேனுக்குக் காத்திருப்பவர்கள் கதவைத் தட்டுவார்கள். தட்டட்டும்.

பெரியவருக்கு முதல் சில நிமிடங்களிலேயே உட்பக்கமாக ஒரு கோடு மேலே ஓடியது. வழக்கமான பாதை. கொஞ்ச நேரத்தில் கெண்டைக்காலின் பின்பக்கமாக மெலிதாக இன்னொன்று கிளம்பி, முழங்கால் மடிப்புக்குப் பின்னால் வந்து நின்றது. நின்ற இடத்தில் மெல்ல ஒரு பொட்டு திரண்டது. மேல் கேமராவில் மங்கல், கீழ்க் கேமராவில் தெளிவு. தெறித்த சொட்டோ என்று தோலைத் துடைத்துவிட்டு, பக்கவாட்டிலும் ஒரு படம் எடுத்தேன். பொட்டு தோலில் இல்லை, உள்ளேதான் இருந்தது. கதிரியக்கப் படத்தையும் சிடி ஸ்கேனையும் சேர்த்துக் காட்டும் ஸ்பெக்ட்-சிடியில், முழங்காலுக்குப் பின்னால் ரத்தக் குழாய்களை ஒட்டிய கொழுப்பில் சிறிய கணு ஒன்று. இடுக்கில் ஒன்று, இங்கே ஒன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கோடு, ஆகவே இரண்டுமே சென்டினல்.

குதிகாலிலிருந்து இப்படி முழங்கால் மடிப்புக்குப் போவது அடிக்கடி நடப்பதல்ல, ஆனால் புத்தகத்தில் இருக்கிறது. முதுகில் இருக்கும் கட்டி இன்னும் மோசம். ஒரே தழும்பிலிருந்து இரண்டு அக்குளுக்கும் போகும், இடுக்குக்கும் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாப்பே என்ற பிரெஞ்சுக்காரர் பிணங்களின் நிணநீர்க் குழாய்களில் பாதரசம் செலுத்தி, தொப்புளை ஒட்டி ஓர் எல்லைக்கோடு போட்டுக் கொடுத்தார்: மேலே இருப்பது அக்குளுக்கு, கீழே இருப்பது இடுக்குக்கு. நூறு வருடத்துக்கு மேலாக மருத்துவர்கள் அதை நம்பித்தான் வெட்டினார்கள். உயிரோடு இருப்பவர்களை எங்கள் கேமராவுக்குக் கீழே படுக்க வைத்த பிறகுதான் அந்தக் கோட்டை நிணநீர் சட்டை செய்வதில்லை என்று தெரிந்தது.

அறுவை மருத்துவருக்கு போன் செய்து, முழங்காலுக்குப் பின்னால் (பாப்ளிட்டியல் என்போம்) ஒரு கணு இருப்பதைச் சொன்னேன். "பாப்ளிட்டியலா? இடுக்குலதான் இருக்கே, அது போதாதா?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. இடுக்குக்கு நோயாளி மல்லாந்து படுக்க வேண்டும், இதற்குக் குப்புற. மயக்கத்தில் இருப்பவரைப் புரட்டிப்போட்டு மறுபடி துணி போர்த்த வேண்டும். நரம்பும் ரத்தக் குழாயும் நெருக்கமாக இருக்கும் இடம் வேறு. "சார், ஒரு தடவை சினியைப் பார்த்துடுங்க" என்றேன். ஊசி போட்டதிலிருந்து ஓடிய படத்தைத்தான் சினி என்போம். வந்து நின்றபடியே இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். "சரி, குப்புற வச்சே ஆரம்பிப்போம்" என்று ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

நுனியில் கதிரியக்கக் கோபால்ட் வைத்த பேனாவைத் தோலில் நகர்த்தி, திரையில் அதன் புள்ளியும் கணுவின் புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் மார்க்கரால் பெருக்கல் குறி போட்டேன். இந்தக் குறிக்கு வார்டில் ஓர் ஆபத்து உண்டு. ஆபரேஷனுக்கு முன்னால் குளிக்கச் சொல்வார்கள். நம் ஆட்கள் குளிப்பதென்றால் தேய்த்துத்தான் குளிப்பார்கள். அதனால் குறிக்கு மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்திரி ஒட்டி, கூட வந்த மகளிடமும் ஒரு தடவை சொல்லி அனுப்புவேன்.

தியேட்டரில் ப்ரோபின் சத்தம்தான் வழிகாட்டி. கணுவை எடுத்து, தனியே வைத்து எண்ணிப் பார்த்து, பிறகு எடுத்த குழிக்குள்ளும் எண்ண வேண்டும். எடுத்த கணுவின் எண்ணிக்கையில் 10 சதவீதத்துக்கு மேல் அங்கே இன்னும் காட்டினால் வேறொரு கணு பாக்கி இருக்கிறது என்று பொருள். கூடவே மெத்திலீன் நீலமும் போட்டிருந்ததால், ஆக்சிஜன் மானிட்டர் திடீரென்று இறங்கியது. மயக்க மருத்துவர் அசரவில்லை. சாயம் அந்தக் கருவியை ஏமாற்றும், பொறுத்திருந்தால் ஏறிவிடும்.

இடுக்குக் கணுவில் ஒன்றும் இல்லை. முழங்காலுக்குப் பின்னால் எடுத்ததில், பல அடுக்குகளாக வெட்டி, மெலனோமா செல்களை எடுத்துக்காட்டும் மெலன்-ஏ சாயம் ஏற்றிப் பார்த்தபோது ஒரு சின்னக் கொத்து மெலனோமா செல்கள் இருந்தன.

முன்பெல்லாம் இப்படி வந்தால் அந்தப் பகுதியின் மிச்சக் கணுக்களையும் எடுத்துவிடுவார்கள். 2017இல் வெளியான எம்எஸ்எல்டி-2 ஆய்வு, அப்படி எடுப்பதால் மெலனோமா நோயாளிகளின் ஆயுள் கூடுவதில்லை, கால் வீக்கம்தான் கூடுகிறது என்று காட்டிய பிறகு பெரும்பாலும் அல்ட்ராசவுண்டில் கண்காணிப்பதோடு சரி. சென்டினல் நோடை எடுத்ததாலேயே ஒருவர் பிழைத்துக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது. அது தருவது தகவல். யாருக்கு இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து) யோசிக்கலாம், யாரை அடிக்கடி வரச் சொல்ல வேண்டும் என்பதை அது சொல்லும். அந்த மருந்தின் விலையைக் கேட்டதும் பெரியவரின் மகள் எழுந்து போய் வெளியே நின்றுவிட்டார். இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார்கள்.

என்னை எரிச்சல்படுத்துவது வேறொன்று. வெளியில் எங்கோ கட்டியை அகலமாக வெட்டி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டி, எல்லாம் ஆறிய பிறகு, "சென்டினல் நோடு பார்க்கவும்" என்று ஒரு சீட்டோடு அனுப்புகிறார்கள். அகலமாக வெட்டியதில் பழைய நிணநீர்க் குழாய்கள் போயிருக்கும். ஒட்டிய தோலின் ஓரத்தில் நான் பார்க்கும் கோடு கட்டி இருந்தபோது ஓடிய கோடுதானா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பயாப்சி முடிவு வந்தவுடன், மற்றதை வெட்டுவதற்கு முன்னால் ஒரு போன் செய்தால் போதும். ஜெனரேட்டர் எங்களிடம் எப்போதும் இருக்கிறது.