11 மாதம் முடியும்போது

சென்னையில் வாடகை அக்ரிமென்ட் ஏன் 11 மாதத்துக்குப் போடப்படுகிறது என்பது பலருக்கும் தெரியும். 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். 11 மாதம் என்றால் அந்தச் செலவும் அலைச்சலும் இல்லை. பலர் கவனிக்காமல் விடுவது வாடகை உயர்வுக் கணக்கைத்தான். உயர்வும் 11 மாதத்துக்கு ஒருமுறை வந்துவிடுகிறது. 5 ஆண்டு ஒரே வீட்டில் இருந்தால் 12 மாதக் கணக்கில் 4 முறைதான் வாடகை ஏறும். 11 மாதக் கணக்கில் 12, 23, 34, 45, 56ஆம் மாதங்களில் என்று 5 முறை ஏறும். 20,000 ரூபாய் வாடகை 10 சதவீதம் வீதம் உயர்ந்தால் 4ஆவது உயர்வில் 29,282 ரூபாய், 5ஆவதில் 32,210 ரூபாய். அக்ரிமென்ட் 11 மாதமாகவே இருக்கட்டும். "வாடகை உயர்வு 12 மாதத்துக்கு ஒருமுறை, இத்தனை சதவீதம்" என்ற வரியை முதல் நாளே எழுதி வாங்குங்கள். சதவீதம் எழுதாமல் "அப்போதைய மார்க்கெட் நிலவரப்படி" என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளையை ஸ்கூலில் சேர்த்த பிறகு நிலவரம் என்ன என்பதை ஓனர்தான் சொல்வார்.

புதுப்பிக்கும்போது பெரிய சிக்கல் அட்வான்ஸில் வருகிறது. பழைய அக்ரிமென்டில் "ரூ. 2,00,000 பெற்றுக்கொண்டேன்" என்று இருக்கும். புதியதை டைப் அடிப்பவர் பழைய ஃபைலில் தேதியையும் வாடகையையும் மட்டும் மாற்றுவார். சில நேரம் அட்வான்ஸ் பத்தியே விட்டுப்போகும். சில நேரம் பழைய தொகையே தங்கிவிட, இடையில் கூட்டிக் கொடுத்த 20,000 எங்கும் பதிவாகாது. புது அக்ரிமென்டில் இப்படி ஒரு வரி வேண்டும்: "இன்ன தேதியில் ரூ. 2,00,000, இன்ன தேதியில் ரூ. 20,000, ஆக மொத்தம் ரூ. 2,20,000 அட்வான்ஸ் உரிமையாளர் வசம் உள்ளது." பழைய அக்ரிமென்டைத் திருப்பிக் கேட்டால் கொடுக்காதீர்கள். நடுவில் வீடு கைமாறினால், அட்வான்ஸ் தொகை தன்னிடம் வந்து சேர்ந்துவிட்டது என்று புது ஓனர் எழுதித் தரும்வரை வாடகை போடும் வங்கிக் கணக்கை மாற்றாதீர்கள். "நான் உங்ககிட்ட அட்வான்ஸ் வாங்கவே இல்லையே" என்ற பேச்சு இங்கேதான் தொடங்குகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஆனால் அந்த 3 மாத வரம்புக்கு முன்னால் "வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர" என்று ஒரு தொடர் இருக்கிறது. 10 மாத அட்வான்ஸ் கேட்பவர் அதை அக்ரிமென்டிலேயே எழுதிவிடுகிறார்; வீடு தேவைப்படுகிறவர் கையெழுத்துப் போடுகிறார். வரம்பு அங்கேயே கரைந்துபோகிறது. குடியிருப்பவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் அந்தச் சட்டத்தில் இல்லை. 2 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் ஆண்டுக்கு 14,000 ரூபாய். அது வாடகையோடு சேராத வாடகை.

உதவுகிற பகுதிகளும் உண்டு. அக்ரிமென்ட் காலம் முடிந்தும் புதுப்பிக்காமல் குடியிருந்தால், அதே நிபந்தனைகளில் மாதாமாதம் தொடர்வதாகவே கருதப்படும், அதிகபட்சம் 6 மாதம். கடைசி வாரத்தில் வந்து "நாளைக்குள்ள சைன் பண்ணுங்க, இல்லன்னா காலி பண்ணுங்க" என்று சொல்பவரிடம் பதறாமல் பேச இது போதும். தண்ணீரையோ கரன்ட்டையோ நிறுத்தி வெளியேற்ற முடியாது. ஓனர் வாடகை வாங்க மறுத்தால், இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட அரசு அலுவலரான வாடகை அதிகாரியிடம் கட்டலாம். பாக்கி விழவிடாதீர்கள், அதுவே காலி செய்யச் சொல்லக் காரணமாகிவிடும். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவதும் சார்பதிவாளரிடம் பதிவதும் வேறு வேறு. 11 மாத ஒப்பந்தத்தையும் முதலாமவரிடம் பதிய வேண்டும். ஓனர் வராவிட்டால் குடியிருப்பவர் தனியாகவும் விவரங்களைத் தாக்கல் செய்யலாம். ஓனர்கள் பலர் இதைத் தட்டிக்கழிப்பது வருமானம் கணக்கில் வரும் என்ற பயத்தால்தான்.

வாடகை ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப் படிக்கான (எச்ஆர்ஏ) வரிக் கழிவுக்கு ஓனரின் பான் எண் வேண்டும். புதுப்பிக்கும் நாளில் கேட்டு அக்ரிமென்டிலேயே எழுதிவிடுங்கள். மார்ச்சில் கேட்டால் கிடைக்காது.

பெயிண்டிங் பிடித்தம் ஒரு மாத வாடகை என்பது ஊர் வழக்கமாகிவிட்டது. 11 மாதம் இருந்தவருக்கும் 6 ஆண்டு இருந்தவருக்கும் ஒரே தொகை. "இயல்பான தேய்மானம் நீங்கலாக" என்ற மூன்று சொற்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். குடிவரும் அன்றே சாமான் இறக்குவதற்கு முன் வீடியோ எடுங்கள். முக்கியமாகக் கிச்சன் சிங்க்குக்குக் கீழே இருக்கும் கப்போர்டு. வேஸ்ட் பைப் வாஷர் தேய்ந்து சொட்டுச் சொட்டாக நீர் இறங்கி, பலகையின் அடி விளிம்பு ஊறிப் பொரிந்திருக்கும். கதவு மூடியிருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. காலி செய்யும் அன்று ஓனர் முதலில் திறப்பது அந்தக் கதவைத்தான்.

வெளியேறும் முடிவை அக்ரிமென்டில் சொன்ன நோட்டீஸ் காலத்துக்கு ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். போனில் சொன்னது நிற்காது. ஈபி பில் 2 மாதத்துக்கு ஒருமுறை வருவதால், கடைசி நாள் மீட்டர் ரீடிங்கைத் தேதியோடு போட்டோ எடுத்து, அதுவரை ஆன யூனிட்டுக்கு மட்டும் கணக்குப் பாருங்கள். சாவியை வாட்ச்மேனிடம் விட்டுப் போகாதீர்கள். பிடித்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, மீதிப் பணம் வங்கியில் வந்து விழுந்த பிறகு சாவியை ஓனர் கையில் கொடுங்கள்.