முதுகோடு முதுகாக

ஜப்பானில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்ட பிறகுதான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பில் உட்கார நேரம் கிடைக்கும். 2014 ஆகஸ்டில், மேல்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியர்கள் இருபத்து நான்கு பேருக்கு நான் பயிற்றுநராக நின்றேன். ஆங்கில வகுப்பை இயன்றவரை ஆங்கிலத்திலேயே நடத்த வேண்டும் என்ற பாடத்திட்டம் அதற்கு முந்தைய ஆண்டுதான் நடைமுறைக்கு வந்திருந்தது.

முதல் பயிற்சியாக, இருவர் இருவராகச் சேர்த்து, ஆளுக்கு வெவ்வேறு பாதி விவரங்கள் மட்டும் உள்ள கால அட்டவணைத் தாளைக் கொடுத்து, விடுபட்டவற்றை ஒருவரையொருவர் கேட்டு நிரப்பச் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை; இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, ஒரு சொல்லும் பேசாமல், அழகான கையெழுத்தில் நிரப்பி முடித்துவிட்டார்கள். இவர்களுக்குப் பேசவே விருப்பமில்லை என்று நான் முடிவு கட்டினேன். அது அவசரத்தில் எடுத்த முடிவு.

மதிய உணவின்போது ஐம்பதைக் கடந்த ஆசிரியர் ஒருவர் தம் பழைய பாடநூலைக் காட்டினார். ஆங்கிலச் சொற்களின் கீழே பென்சிலால் எண்கள்: 'ஐ ரெட் எ புக் எஸ்டர்டே' என்ற வரியில் 'ஐ'க்கு 1, கடைசியில் நிற்கும் 'எஸ்டர்டே'க்கு 2, 'புக்'குக்கு 3, 'ரெட்'டுக்கு 4. சீன நூல்களைக் குறியிட்டு, முன்னும் பின்னுமாகத் தாவி, ஜப்பானிய வரிசையில் படித்த பழைய வழக்கம் ஆங்கிலத்துக்கும் வந்ததன் சுவடு அது, யகுதொகு என்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனெனில் வினையை இறுதியில் வைக்கும் தமிழுக்கும் அதே எண்கள் அப்படியே பொருந்தும். என் பள்ளி ஆசிரியரும் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்த்தான் வினைக்குத் திரும்புவார்.

"சென்செய் (ஆசிரியரே), இலக்கணத்தில் நான் தவறுவதில்லை, ஆனால் இளையவர்கள் முன் பேசித் தவறினால் நாளை பள்ளியில் எப்படி நிற்பேன்?" என்றார் அவர். அவருடைய வகுப்பில் நாற்பது பேர். அவர்கள் எழுதவிருந்த பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 200 மதிப்பெண், 2006இல் சேர்ந்த கேட்டல் தேர்வுக்கு 50, பேசுவதற்கு ஒன்றுமில்லை. (பேச்சையும் மதிப்பிடும் தனியார் தேர்வுகளைச் சேர்க்கும் திட்டம் பின்னாளில் வந்து, 2021இல் கைவிடப்பட்டது.)

மறுநாள் நாற்காலிகளை முதுகோடு முதுகாகத் திருப்பிப் போட்டேன். தாளைக் காட்ட வழியில்லை. பேசுவதற்கு முன் கேள்விகளைத் தனியாக எழுதிப் பார்க்க இரண்டு நிமிடம் கொடுத்தேன். முகம் பார்க்காததாலோ என்னவோ, குரல்கள் மெல்ல எழுந்தன. மூத்த ஆசிரியர் ஓரிடத்தில் 'ஆன்' வரவேண்டிய இடத்தில் 'இன்' என்று சொல்லிவிட்டு, நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சற்றுப் பொறுத்து அவருடைய குரல் மீண்டும் கேட்டது.

அன்று மாலை அவர் கேட்ட கேள்விக்கு என் குறிப்பேட்டில் விடை இருக்கவில்லை: "இவ்வளவு சத்தம் என் வகுப்பில் கேட்டால், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் என்ன சொல்வது?"