கண்டென்சருக்குத் திசை உண்டு

சீலிங் ஃபேனின் கண்டென்சரை எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் ஃபேன் ஓடும். 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்று போட்டிருக்கும் அந்த டப்பாவுக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் கிடையாது. பல வருடம் வயரிங் வேலை பார்த்தவரின் விரல்களுக்கு இது மனப்பாடம். அதே விரல்கள் ஒரு 100 மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சரை எடுத்துத் தலைகீழாகச் செருகும்போது அவருக்குச் சந்தேகமே எழாது. இதன் உள்ளே அலுமினியத்தின் மேல் படிந்திருக்கும் ஆக்ஸைடு படலம் ஒரு திசையில் மட்டும்தான் மின்சாரத்தைத் தடுக்கும். திருப்பிப் போட்டால் முதலில் கசிவு, பிறகு சூடு, சில சமயம் தலை வீங்கி வெடிக்கும். உடம்பில் பட்டையும் அதற்குள் கழித்தல் குறியும் இருக்கிற பக்கம் நெகட்டிவ்.

எலெக்ட்ரானிக்ஸ் கற்க வருகிறவர் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. வயரிங்காரர், வண்டி மெக்கானிக், சாஃப்ட்வேர்காரர், இயற்பியல் படித்தவர், நகை ஆசாரி என்று அவரவர் தொழில் கொடுத்த பழக்கத்தோடு வருகிறார்கள். அந்தப் பழக்கம் பாதி வழி துணைக்கு வரும். ஏதோ ஓர் இடத்தில் காலை வாரிவிடும். அந்த இடம் ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே எல்லோரையும் முதலில் ஒரே சர்க்யூட்டைக் கட்டச் சொல்லி, அதை மீட்டரால் கால் காலாக அளக்கச் சொல்வதுதான் நல்ல தொடக்கம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். யார் எங்கே சறுக்குகிறார் என்பது அந்த அளவுகளிலேயே தெரிந்துவிடும்.

அதற்கு, ஒரு எல்இடியை மினுக்க வைக்கும் 555 டைமர் ஐசியைவிடப் பொருத்தமானது இல்லை. 1971-இல் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக ஹான்ஸ் கமென்ஸிண்ட் வடிவமைத்தது. அரை நூற்றாண்டு தாண்டியும் சென்னை ரிச்சி தெருவில் சில்லறையாகக் கிடைக்கிறது. உள்ளே நடப்பதை வெளியிலிருந்து மீட்டரில் பார்க்க முடியும் என்பதுதான் இதன் அருமை.

தேவையானவை: என்இ555 ஒன்று, 1 கிலோ ஓம் (பழுப்பு, கறுப்பு, சிவப்பு), 68 கிலோ ஓம் (நீலம், சாம்பல், ஆரஞ்சு), 470 ஓம் (மஞ்சள், ஊதா, பழுப்பு), சிவப்பு எல்இடி, 100 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கண்டென்சர், 103, 104 என்று அச்சிட்ட செராமிக் கண்டென்சர் ஒவ்வொன்று, 9 வோல்ட் பேட்டரி, கிளிப், சால்டர் இல்லாமல் செருகிக் கட்டும் துளைப் பலகையான பிரெட்போர்டு. ரெசிஸ்டரில் ஐந்து பட்டை இருந்தால் நிறக் கணக்கு மாறும். அதனால் நிறத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் மீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். 68 கிலோவுக்குப் பதில் 680 ஓம் போனால் எல்இடி விநாடிக்கு ஆறு முறை படபடவென்று மினுக்கும்.

ஐசியை பிரெட்போர்டின் நடுப் பள்ளத்தின் இரு பக்கமும் கால் படும்படி உட்காரவையுங்கள். ஒரே பக்கத்தில் செருகினால் கால்கள் தமக்குள்ளேயே ஷார்ட் ஆகும். பிறைவெட்டு மேலே இருந்தால் இடது மேல் மூலை 1-ஆம் கால், கீழே இறங்கி 4, வலது கீழே 5, மேலேறி 8. 8-ஐயும் 4-ஐயும் பாசிட்டிவுக்கு, 1-ஐ நெகட்டிவுக்குக் கொடுங்கள். 8-க்கும் 7-க்கும் நடுவே 1 கிலோ. 7-க்கும் 6-க்கும் நடுவே 68 கிலோ. 6-லிருந்து 2-க்கு ஒரு கம்பி. எலெக்ட்ரோலிட்டிக்கின் பாசிட்டிவ் 2-இல், நெகட்டிவ் 1-இல். 5-க்கும் 1-க்கும் நடுவே 103. பேட்டரி வரும் 8-க்கும் 1-க்கும் நடுவே, ஐசிக்கு எவ்வளவு ஒட்டி வைக்க முடியுமோ அவ்வளவு ஒட்டி, 104. 3-லிருந்து 470 ஓம் வழியாக எல்இடியின் நீளக் கால். குட்டைக் கால் நெகட்டிவுக்கு.

1 கிலோ ரெசிஸ்டரை "எதற்கு இது, கம்பியே போதுமே" என்று எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. கண்டென்சரைக் காலி செய்வதற்காக 7-ஆம் காலை ஐசி உள்ளேயே நெகட்டிவோடு இணைக்கும். அப்போது 1 கிலோ இருந்தால் அதன் வழி 9 மில்லி ஆம்பியர்தான் போகும். வெறும் கம்பி இருந்தால் பேட்டரி நேராக அந்தக் காலில் ஷார்ட் ஆகி ஐசி போய்விடும்.

இனி மீட்டர். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், மீட்டர் 20 வோல்ட் டிசியில், சிவப்பு முனை 2-ஆம் காலில். இணைத்ததும் எண் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறும்: 1, 2, 3.5, 5. சுமார் ஏழரை விநாடியில் 6-ஐத் தொடும். அந்தக் கணமே எல்இடி அணையும், எண் இறங்கத் தொடங்கும். 3-க்கு வந்ததும் எல்இடி மறுபடி எரியும், எண் ஏறும். இதற்குப் பிறகு 3-க்கும் 6-க்கும் இடையில்தான் நடமாட்டம். ஏற ஐந்து விநாடி, இறங்க ஐந்து விநாடி. ஐசிக்குள் சமமான மூன்று ரெசிஸ்டர்கள் பேட்டரி வோல்டேஜை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கின்றன. கீழ் எல்லை மூன்றில் ஒரு பங்கு, மேல் எல்லை மூன்றில் இரண்டு. முதல் தடவை மட்டும் நேரம் கூட எடுத்தது ஏனென்றால் அது 3-லிருந்து கிளம்பவில்லை, பூஜ்யத்திலிருந்து கிளம்பியது. இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்குச் சூத்திரம் தனியாகப் படிக்கத் தேவைப்படாது. பிறகு 100 மைக்ரோஃபாரட்டை எடுத்துவிட்டு 10 போடுங்கள். விநாடிக்கு ஒருமுறை மினுக்கும். சரியாக ஒரு விநாடி வராது. எலெக்ட்ரோலிட்டிக்கில் அச்சிட்ட மதிப்பு 20 சதவீதம் கூடலாம், குறையலாம்.

எல்லாக் கால்களையும் அளந்து எழுதி வையுங்கள். பேட்டரி 9 வோல்ட் என்றால் 8-இலும் 4-இலும் 9, 5-இல் 6, 2-இலும் 6-இலும் 3-க்கும் 6-க்கும் இடையே, 3-இல் பூஜ்யத்துக்கும் ஏழரைக்கும் இடையே. பேட்டரி 8.4 காட்டினால் 5-இல் 5.6. உதவி கேட்கும்போது "சர்க்யூட் வேலை செய்யவில்லை" என்று சொல்லாமல் இந்த எட்டு எண்ணையும் சொல்லுங்கள். பாதிப் பிழை அதைக் கேட்டதுமே அகப்பட்டுவிடும். எல்இடி அணையாமல் எரிந்து, 2-இல் பூஜ்யம் நின்றால், 6-லிருந்து வரும் கம்பி விட்டுப்போயிருக்கிறது. 8-இல் ஒன்றுமே இல்லையென்றால் பிரெட்போர்டின் ஓரக் கோட்டைப் பாருங்கள். நீளமான பல போர்டுகளில் அந்த சப்ளை வரிசை நடுவில் அறுந்திருக்கும். மேல் பாதிக்குக் கொடுத்த மின்சாரம் கீழ் பாதிக்கு வராது. கை பட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது என்றால் 4-ஆம் கால் அந்தரத்தில் இருக்கிறது.

இயற்பியல் படித்தவர் தடுமாறுவது 3-ஆம் காலில். 9 வர வேண்டியது ஏழரைதான் வருகிறது என்றதும் மீட்டரைச் சந்தேகிப்பார். மீட்டர் சரி. ஐசியின் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் ஒன்றரை வோல்ட் அளவுக்குத் தாமே எடுத்துக்கொள்கின்றன. மிச்சத்தில் சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் போக, ஐந்தரை வோல்ட்டை 470-ஆல் வகுத்தால் 12 மில்லி ஆம்பியர். எல்இடியை ஒரு ரெசிஸ்டராக நினைத்து ஓம் விதிக்குள் அடைக்க முடியாது. அதே போல, கணக்கில் 300 ஓம் வந்தால் கடை கடையாக 300 தேடி அலைய வேண்டாம். வழக்கமாகக் கிடைப்பது 270, 330. பெரியதை எடுங்கள்.

வயரிங்காரருக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கை. வீட்டு வயரிங்கில் கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இங்கே கறுப்பு என்றால் நெகட்டிவ், அதை கிரவுண்ட் என்பார்கள், அதற்கும் மண்ணில் புதைத்த எர்த்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. நியான் டெஸ்டர் 9 வோல்ட்டில் எரியாது. ஷார்ட் ஆனால் எம்சிபி (தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும் என்ற எதிர்பார்ப்பையும் விட்டுவிட வேண்டும். இங்கே விழுவதற்கு ஒன்றுமில்லை, ஐசி சத்தமில்லாமல் சுடும். சுட்டால் பேட்டரியைக் கழற்றுங்கள்.

வண்டி மெக்கானிக்குக்கு கிரவுண்டை விளக்கவே வேண்டாம். பாடி எர்த் பிடித்துப் பழகியவர், மின்சாரம் திரும்பிப் போக வழி வேண்டும் என்பதை எல்லோருக்கும் முன்னால் புரிந்துகொள்வார். அவருக்கு ஆபத்து டெஸ்ட் லேம்ப். 12 வோல்ட் 5 வாட் பல்பு 0.4 ஆம்பியர் இழுக்கும். ஆர்டுயினோ ஊனோ என்ற புரோகிராம் எழுதி இயக்கும் சிறு போர்டின் ஒரு பின்னுக்கு (காலுக்கு) 20 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்வது நல்லது, 40 உச்ச வரம்பு. பல்பை அந்தப் பின்னில் வைத்துப் பார்த்தால் அந்தப் பின் கெட்டுவிடும். அளக்க மீட்டர் மட்டுமே.

சாஃப்ட்வேர்காரர் கோடில் பிழை தேடும்போது பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவார். கம்பிகளிடம் வந்ததும் அந்த நல்ல பழக்கத்தை மறந்து, எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி செருகுவார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மோட்டாரை நேராகப் பின்னில் மாட்டுவதும் இவர்களிடம்தான் அதிகம். நடுவே டிரான்சிஸ்டர் வேண்டும். பிசி547 போதாது, அதன் வரம்பு 100 மில்லி ஆம்பியர். சின்ன மோட்டாருக்கு 2என்2222 போடலாம். அதை இயக்கும் காலான பேஸுக்கு 470 ஓம், மோட்டாரின் குறுக்கே 1என்4007 டையோடு, அதன் பட்டைப் பக்கம் பாசிட்டிவில். மோட்டாரை நிறுத்தும்போது அதன் சுருளில் எழும் எதிர் வோல்டேஜ் அந்த டையோடு வழியே அடங்கும். மோட்டாருக்குத் தனி பேட்டரி வைத்தால் இரண்டு நெகட்டிவையும் சேர்த்துக் கட்டியே ஆக வேண்டும்.

எல்லோருக்கும் பொதுவான ஒன்று: கரண்ட் அளந்துவிட்டு சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு, பிறகு வோல்ட் அளக்கப் போவது. அந்தத் துளையில் மீட்டர் ஒரு கம்பித் துண்டுக்குச் சமம். பேட்டரியைத் தொட்டதும் முழு ஷார்ட். மலிவு மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸ் இல்லாதவை உண்டு. அளந்து முடித்ததும் முனையை வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டுத்தான் மீட்டரைக் கீழே வைக்க வேண்டும். 230 வோல்ட் பக்கம் இந்த மீட்டரோடு போகவே வேண்டாம்.

இந்த மினுக்கி ஓடியதும் டாட் போர்டில் (செம்பு வளையத் துளைகள் உள்ள பலகையில்) சால்டர் செய்யலாம். இங்கே ஆசாரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்: உருப்படியைச் சூடாக்கினால் நகையை ஒட்டும் பொடி தானே உருகி ஓடும் என்பது அவருக்குத் தெரியும். மற்றவர்கள் ஈயத்தை அயர்ன் முனையில் உருக்கி, ஆறிய காலில் கொண்டுபோய்த் தடவுவார்கள். அது மங்கிய உருண்டையாக ஒட்டாமல் நிற்கும். 25 வாட் அயர்னால் காலையும் செம்பு வளையத்தையும் சேர்த்து இரண்டு விநாடி தொட்டு, அயர்னுக்கு எதிர்ப்பக்கம் ஈயத்தைக் கொடுங்கள். ஆனால் நகை வேலையில் போடும் வெங்காரமும் நவச்சாரமும் வேண்டாம். நவச்சாரம் போர்டில் தங்கி செம்பை அரித்துவிடும். வெங்காரம் இந்தக் குறைந்த சூட்டில் உருகவே உருகாது. ரோஸின் என்ற பிசினை உள்ளே வைத்து வரும் 60/40 ஈயமே போதும். ஐசியை நேராகச் சுடாமல் 8 கால் சாக்கெட்டை மட்டும் சால்டர் செய்யுங்கள். பேட்டரியை மாட்டி, சாக்கெட்டின் 8-க்கும் 1-க்கும் இடையே 9 வோல்ட் வருகிறதா என்று பார்த்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு ஐசியைச் செருகுங்கள்.