பழைய காருக்கு எதனோல் கலக்காத பெற்றோல்

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடும் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களின் றப்பர் குழாய்கள் பெற்றோலில் கலக்கப்படும் எதனோல் என்ற மதுசாரத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எதனோல் பட்டால் அவை வீங்கி, பிறகு வெடிப்பு விழும். தாங்கியில் படிந்த பழைய அழுக்கும் கிளம்பி காபுரேற்றரின் ஜெற்றை (பெற்றோல் போகும் சின்னத் துளையை) அடைக்கும். எங்கட கடற்காற்றின் ஈரத்தை எதனோல் உறிஞ்சுவதுதான் பெரிய கரைச்சல்: தண்ணீர் கூடினால் எதனோலும் தண்ணீரும் சேர்ந்து பெற்றோலிலிருந்து பிரிந்து தாங்கியின் அடியில் நின்று இரும்பை அரிக்கும்.

எதனோல் கலந்திருக்கிறதா என்று பெற்றோல் செற்றில் கேட்பதைவிடச் சோதிப்பதே நல்லது. அளவுகோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லிலீற்றர் தண்ணீரும் 90 மில்லிலீற்றர் பெற்றோலும் விட்டு, மூடிக் குலுக்கி, மெல்லத் திறந்து ஆவியை விட்டு, 10 நிமிடம் வையுங்கோ. நெருப்பில்லாத வெளியிடத்தில் மட்டும். அடித்தண்ணீர் 10இலேயே நின்றால் எதனோல் இல்லை. 19 அளவுக்கு ஏறினால் ஏறக்குறைய 10 சதவீதம் இருக்கிறது.

இருந்தால் எதனோலைத் தாங்கும் ஆர்9 (SAE J30 R9) தரக் குழாய் போடுங்கோ. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கப்போகும் காரென்றால் தாங்கியையும் காபுரேற்றர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கோ.