‘நமக்கு எழுத வராது’: ஓர் ஆய்வேடு முடிந்த கதை

கூலி விசைத்தறிகளில், அதாவது பிறர் கொடுக்கும் நூலைக் கூலிக்கு நெய்யும் தறிகளில், கூலி எப்படி நிர்ணயமாகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. சோமனூர்ப் பக்கம் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தகவல் திரட்டுவதில் சிரமமே இருக்கவில்லை. பல்லடம் வரைக்கும் தறிக்கூடம் தறிக்கூடமாகப் போனேன். கேள்விப் பட்டியலை மடித்து வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தால் எல்லாரும் மனம் திறந்தார்கள். எழுத உட்கார்ந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் தமிழ்வழி, ஆய்வேடோ ஆங்கிலத்தில். ‘நமக்கு எழுத வராது’ என்பதை, ரத்த வகையைப் போல, மாற வழியில்லாத ஒரு தகவலாகவே மனத்தில் வைத்திருந்தேன்.

இந்த நினைப்பு மனத்தோடு நிற்பதில்லை, கையையும் பிடித்துக்கொள்ளும். இன்னும் நாலு கட்டுரை படித்துவிட்டு எழுதலாம் என்று தோன்றும். படித்தால் மேலும் நாலு கிடைக்கும். பார்ப்பவர்களுக்கு அது உழைப்பாகத் தெரிவதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடும் ஆய்வுக் குழுவின் முன் அட்டவணைகளைக் காட்டிச் சமாளித்துவிடலாம். கோப்பைத் திறந்தாலே வயிற்றைப் பிசையும். 1975இல் டேலி, மில்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுத்து அச்சத்தை அளக்க 26 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். எழுதுவதைத் தவிர்ப்பது, மதிப்பிடுவார்களே என்று நடுங்குவது எல்லாம் அதில் இருக்கின்றன. அதைப் படித்தபோது எனக்கு வெட்கத்தைவிட ஆறுதல்தான் அதிகம் வந்தது. அளவுகோல் செய்யும் அளவுக்கு ஊரில் ஆள் இருக்கிறார்கள்!

இன்னொரு விளைவைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. தன் வாக்கியத்தின் மேல் நம்பிக்கை இல்லாதவர் அடுத்தவர் வாக்கியத்தைத்தான் எடுப்பார். என்னோடு ஆய்வு செய்த ஒருவர், களத்தில் என்னைவிடக் கெட்டிக்காரர், முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் பின்னணி இயல் முழுவதையும் அப்படித்தான் கோத்தார். நடுவில் இரண்டு சொல்லை மாற்றுவார், வினையை முன்பின்னாகப் போடுவார். ‘என் ஆங்கிலத்தில் எழுதினால் சிரிப்பார்கள், இது அச்சில் வந்த ஆங்கிலம்’ என்பார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை போனால் ஆய்வேட்டைத் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். அவருடையது அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டது. குழுவில் எல்லாரும் நேர்மையைப் பற்றிப் பேசினார்கள். அவருக்கு இருந்தது திருட்டுப் புத்தி என்று என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை, அது பயம்.

என் விஷயத்தில் முடிச்சை அவிழ்த்தவர் என் நெறியாளர். ஊக்கப் பேச்சு எதுவும் அவர் பேசவில்லை. “இரண்டாம் இயலை, அந்தப் பின்னணி இயலை, மூடி வை அம்மிணி. பாவு தீர்ந்தால் தறிக்கூடத்தில் என்ன நடக்கும், அதை மட்டும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா” என்றார். அது எனக்குத் தெரியும். நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் கொடுக்கும் ஜவுளி உற்பத்தியாளர் கூலியைச் சொல்வார். தறி, கட்டடம், மின்கட்டணம், ஆள் சம்பளம் எல்லாம் தறிக்காரர் தலையில். அடுத்த பாவு வரும்வரை தறி சும்மா நிற்கும், கடன் தவணை நிற்காது. இதைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதினேன். அவர் பச்சை மையில் இரண்டே இடத்தில் குறித்திருந்தார். ‘தவணை யாருக்கு? எவ்வளவு?’ என்று ஒன்று. ‘நான்காம் அட்டவணையை இங்கே கொண்டு வா’ என்று மற்றொன்று. அதற்கு முன் குழுவில் ஒருவர் என் பக்கங்களைப் புரட்டிவிட்டு ‘மொழி சரியில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்? பச்சை மைக்கு அன்றைக்கே வேலை செய்ய முடிந்தது.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல் எழுதியதைப் பிறகு படித்தேன். ஒரு வேலையைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கைக்கு நாலு ஊற்றுகளைச் சொல்கிறார்: தானே செய்து முடித்தது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல், உடலின் படபடப்பு. முதலாவதுதான் வலுவானது என்கிறார். நம் ஊரில் மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு அரங்கம் எடுத்துத் தன்னம்பிக்கைக் கூட்டம் நடத்துகிறோம். ‘உன்னால் முடியும்’ என்று நூறு பேர் சொல்வதும் எழுதி முடித்த ஒரு பக்கமும் ஒன்றாகுமா? எழுத்தைக் குறித்து இதை விரிவாக ஆராய்ந்தவர் ஃபிராங்க் பஜாரஸ். மாணவரின் முந்தைய திறமையைக் கணக்கில் கழித்த பிறகும், எழுத முடியும் என்ற நம்பிக்கைக்கும் எழுத்தின் தரத்துக்கும் தொடர்பு இருப்பதை அவருடைய ஆய்வுகள் காட்டின.

இரண்டாவது ஊற்று எனக்கு ஷோத்கங்காவில் கிடைத்தது. நாடு முழுவதும் ஏற்கப்பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் தளம் அது. நல்லவற்றைத் தேடிப் போனவளுக்கு, பல ஆய்வேடுகள் வெகு சாதாரணமாக இருந்ததுதான் பெரிய உதவி. இதைச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் உண்மை. அந்தியூர்க்காரர் ஒருவர், அவரும் தமிழ்வழி, தன் பழைய வரைவுகளை எனக்குக் கொடுத்தார். பக்கம் முழுக்க அடித்தலும் திருத்தலும். அடுத்த மாதமே அவருடைய வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

களத்தைப் பற்றிய இயல்கள் முதலில் முடிந்தன, இரண்டாம் இயல் கடைசியாக. படபடப்பு முழுதாகப் போகவில்லை. விடியற்காலையில் பக்கத்துத் தறி ஓடும்போது எழுதினால் குறைந்தது. அந்தச் சத்தம் நின்றால்தான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் விழிப்பு வரும்.

நம்பிக்கை ஏற ஏற எழுத்தும் ஏறும் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் வரைவையே முடிந்த வரைவு என்று நீட்டி, ஒரு வரியைக்கூடத் திருத்த மறுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வயிறு பிசைந்ததே இல்லை.

இப்போது ஈரோட்டுப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். முதுகலைத் திட்ட அறிக்கைக்கு முதலில் தெரிந்த தொழிலைப் பற்றி அரைப் பக்கம் கேட்கிறேன். இந்த ஆண்டு கவுந்தப்பாடிப் பையன் ஒருவன், வீட்டில் கரும்பாலை, நாட்டுச் சர்க்கரை காய்ச்சும் பதத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தான். ‘பதம் பார்ப்பது யார்? அவருக்கு என்ன கூலி?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். “பின்னணி இயல் எப்போதுங்க மேடம் எழுதுவது?” என்று கேட்டான். கூலி விவரம் வரட்டும் என்றேன். இன்னும் வரவில்லை, திங்கட்கிழமை நானே கேட்க வேண்டும்.